கிணறு இறைத்த கொலைகாரன்

இறைத்து முடித்த கிணற்றின் அடிச்சேறு, துருவேறிய இரும்பும் அழுகிய பூவரசம் இலையும் சேர்ந்தாற்போல மணக்கும். என்னைப் பெற்ற அப்புவின் தங்கை, என் மாமி, அதற்குள் வழுக்கி விழுந்து செத்துப்போன அந்த மாரி முழுக்க எங்கள் வளவில் அந்த மணம்தான் நின்றது. ஆள் விழுந்த கிணற்றை இறைக்காமல் உலை வைக்க எங்கள் உடுப்பிட்டியில் எவரும் துணியார். ஆகவே "செத்தவீடு" முடிந்த கையோடு, அழுத கண்ணும் காயாமல், அப்பு அயலாரைக் கூட்டி இறைத்தார்.

வாளி பிடித்தவர்களில் அடுத்த வளவுக்காரனும் ஒருவன். கொழும்பில் "கிளாக்கர்" வேலை, பத்திரிகைகளில் துப்பறியும் கதை. அவன் பெயரை எழுதமாட்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச எழுத்தை அவனுக்குச் செலவழிக்க மனமில்லை.

எங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனவன், எங்கள் துக்கத்தையே கதையாக்கினான். அதில் அண்ணன்காரன் காணிக்காகத் தங்கையைத் தள்ளிவிட்டு, தடயம் அழியட்டுமென்று கிணற்றை இறைக்கிறான், "ஏன் இவ்வளவு அவசரமாக இறைத்தாய்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்க, பிடிபடுகிறான். இதுதான் அந்தப் பெரிய மூளை கண்டுபிடித்தது! சென்னைக்காரர் அதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஓடியபோது ஊரே வான் பிடித்துப் போய்ப் பார்த்தது. அவன் எழுதிக் கொடுத்தபடியே கொலைகாரனுக்கு அப்புவின் சால்வை, அப்புவின் செருமல்.

கூட நின்று இறைத்தவர்களே திரும்பி வந்து, "உவர் ஏன் அவ்வளவு கெதியா இறைச்சவர்?" என்று சந்தியில் நின்று கதைத்தார்கள். மூளையை அவனிடம் கடன் வாங்கிய சனம்!

லீவில் வந்தவனை அப்பு எங்கள் வளவு வாசல் படலையில் மறித்தார்.

"தம்பி, நீயும் வாளி பிடிச்சனியெல்லோ?"

"ஓம் அண்ணை. அது வெறும் கற்பனை. சனம் திடுக்கிட ஒண்டு வேணுமெல்லோ."

"திடுக்கிட்டது காணும், போதும். இனி நான் வீடு வீடாப் போய்ச் சொல்லவேணுமோ, நான் கொல்லேல்லை எண்டு?"

அவன் சிரித்தான். அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "உவனோடை கதைச்சுக்கொண்டு நில்லாமல் உள்ளை வாங்கோ. நீங்கள் கதைக்கிற உதையும் எழுதிப்போடுவான்!"

அதன்பிறகு கிணறு இறைக்க அப்புவை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. அந்தப் பெயரோடேயே போய்ச் சேர்ந்தார்.

இன்று அந்தத் தியேட்டர் இல்லை, சந்தியில் கதைத்தவர்கள் இல்லை. அவனுக்குக் கனடாவில் பொன்னாடை போர்த்தினார்களாம். உடுக்க வேறு துணி இல்லைப்போலும். அப்புவின் ஒரேயொரு புகைப்படம் இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று. சினிமாவுக்கு மட்டும் அழிவில்லை. போன மாதம் எனக்கு மகள் முறையான பெறாமகள் ஒருத்தி அதைப் போனில் போட்டுக் காட்டினாள். கொலைகாரன் நடந்து வந்தபோது, காறித் துப்பவேண்டிய நான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். அப்புவைப் பார்க்க எனக்கு வேறு இடம் இல்லை.