எல்லாருக்கும் புரிந்த வகுப்பு

ஆங்கிலத் துறை மேடத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பாடம் நடத்தும்போதும் கரும்பலகைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கணவர் கேலி செய்வார். பத்தொன்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியும், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை என்பது பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியவருகிறதே என்று அவருக்கு ஆற்றாமை. வெள்ளம் வடிந்தபிறகு அணை போட்டு என்ன பயன்?

அதனால் இந்தப் பருவத்தில் புது ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் அறுபத்திரண்டு பேரும் துண்டுச்சீட்டில் பெயரோடு, அன்று எது புரியவில்லை என்று எழுதித் தரவேண்டும். அதைப் பார்த்து மறுநாள் பாடத்தை மாற்றிக்கொள்வார். பிள்ளைகள் 'சீட்டு மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். துறைத்தலைவர் மட்டும் அரைமனதோடுதான் சம்மதித்தார். இடைத்தேர்வில் பலன் தெரியாவிட்டால் சீட்டும் கிடையாது கீட்டும் கிடையாது, பழையபடி புத்தகத்தை முடித்தால் போதும் என்றார்.

முதல் வாரம் சந்தேகங்கள் கொட்டின. மூன்றாம் வாரத்திலிருந்து எல்லாச் சீட்டிலும் ஒரே வார்த்தை: புரிந்தது. மேடத்துக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். இடைத்தேர்வில் நாற்பத்தோரு பேர் தோற்றார்கள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. சீட்டுக்கட்டை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டு வராந்தாவில் அலைந்தார். இத்தனை பேரும் பொய் எழுதியிருக்கிறார்களே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எதிரே வந்த கடைசி வரிசைப் பெண்ணை நிறுத்திக் கேட்டேவிட்டார்.

அவள் மென்று விழுங்கினாள். "புரியலன்னு எழுதினவங்களத்தானே மேடம் மறுநாள் முதல்ல எழுப்பிக் கேள்வி கேட்டீங்க? எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் யாரு எழுதுவா?"

மேடத்துக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடுவதாக அல்லவா நினைத்திருந்தார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வகுப்பில், தப்பு தன் மேல்தான் என்று சொன்னார். இனிப் பெயர் எழுத வேண்டாம், யாரையும் எழுப்பவும் மாட்டேன் என்றார். மணியடித்ததும் சீட்டுகளைப் பிரித்தார். ஐம்பத்துமூன்றில் புரியவில்லை என்றிருந்தது.

அந்தக் கட்டோடு நேரே துறைத்தலைவரிடம் போய், சீட்டு முறைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டார். அவர் புரட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"போன வாரம் எல்லாருக்கும் புரிஞ்சுது, இப்ப யாருக்குமே புரியலையா? இதக் காட்டியா அவகாசம் கேக்குறீங்க?"

"ஆமா சார். இப்பதான் என்னை நம்பி உண்மையச் சொல்லியிருக்காங்க. இப்ப நிறுத்தினா இனிமே யாருகிட்டயும் சொல்லமாட்டாங்க."

நாளைக்குச் சொல்வதாக அவர் இழுத்தார். நாளைவரை மேடத்துக்கு ஏது பொறுமை? மேலே இருந்த சீட்டைப் படித்தபடியே, அதில் புரியவில்லை என்றிருந்ததை மறுபடி நடத்த வகுப்புக்கே திரும்பி நடந்தார்.