அக்கரையில் விட்ட பாண் பார்சல்

மழை விட்டபாடில்லை. இன்று காலை மகள் குசினியில் நேற்றைய பாண் ரொட்டித் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்தாள். நடுவில் இராத்திரி மிஞ்சிய மீன்கறி. மணம் வந்ததும் எனக்கு வயிறு பசித்தது, கூடவே அத்தானும் ஞாபகத்துக்கு வந்தார். என் வயிற்றுக்கு என்றைக்குமே விவஸ்தை கிடையாது.

இந்தப் பொரித்த பாணை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அக்கா. டவுனுக்குத் தையல் படிக்கப் போனவள் இதைத்தான் ஒழுங்காகப் படித்து வந்தாள். மீன்கறியில் முள்ளெடுத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து, இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவில் வைப்பாள். முட்டையில் தோய்த்துச் சட்டியில் போட்டதும், வாய் பிளக்காமலிருக்கச் செம்பை மேலே வைத்து அழுத்துவாள். ஆறினால் அது வெறும் ஈரப் பாண். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் இருப்பார் என்பதால், அந்தச் சட்டிக்கு அத்தானும் நானும் போட்டி.

என் இளவயதில் வந்த ஒரு மாரிகாலத்திலும் இப்படித்தான் பெய்தது. பனிச்சங்கேணியில் ஆறு ஏறி, வயல்வட்டையில் கதிர் வரவிருந்த நெல் வேளாண்மை தண்ணீருக்குள் நின்றது. ஆற்றுவாயை அடைத்துக் கிடந்த மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட ஊரே போனது. அக்கா சுடச்சுட வாழையிலையில் சுற்றி, துவாயில் கட்டி அத்தானிடம் கொடுத்தாள். நானும் போனேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தன் அல்லவா, மண்வெட்டியைத் தொடாமல் யோசனை மட்டும் சொன்னேன்.

வெட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி மண்வரம்பை உடைக்குமுன் எல்லோரும் ஊர்ப்பக்கம் வந்துவிட வேண்டும். அத்தானும் வந்துவிட்டார். உடைத்த பிறகுதான், பார்சலை அக்கரையில் ஒரு கம்பில் கொழுவித் தொங்கவிட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்போது தண்ணீர் ஒரே எட்டில் தாண்டும் அகலம்தான்.

"ஆறிப் போயிரும், எடுத்திட்டு வாறன்" என்று தாண்டினார்.

அவர் பார்சலை எடுத்துத் திரும்புவதற்குள் அது தாண்ட முடியாத அகலமாகிவிட்டது. அத்தான் பதறவில்லை. மணலில் குந்தி, பார்சலைப் பிரித்து, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி சாப்பிட்டார். நாங்களும் சிரித்தோம். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கரை பாளம் பாளமாக விழத் தொடங்கியதும் வடக்கே ஓடச் சொல்லிக் கத்தினோம். இரைச்சலில் கேட்டிருக்காது. அவர் இருந்த இடம் அவரோடு அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது.

தோணி விட்டுத் தேடியும் அத்தான் கிடைக்கவில்லை. அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"சாப்பிட்டவராடா?"

"ஓம் அக்கா."

இப்போது ஆற்றுவாயைப் பெக்கோ இயந்திரம் வெட்டுகிறது. மண்வெட்டியோடு ஊர் திரண்டு போவதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுப்பதும் அன்றோடு போயிற்று. மகளுக்கு இதை யாரும் சொல்லி வைக்கவில்லை. வெட்டுவதைப் பார்க்கப் போன தன் புருஷனுக்காக, இன்று சூடாக இரண்டைக் கடதாசியில் சுற்றத் தொடங்கினாள். என்னோடு இருக்கும் அக்கா அறையிலிருந்து எழுந்து வந்து, அதை வாங்கிப் பிரித்து, மறுபடி சட்டிக்குள் வைத்து மூடினாள்.

"இஞ்ச வந்து தின்னட்டும்."

சட்டி ஆறிவிட்டது. மருமகன் இன்னும் வரவில்லை.