அக்கா தூங்கும் படம்

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பட்டப்பகலில் ஒரு பெண் படுத்தால் அவளுக்கு நோய் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வந்துவிடும். ஆண்கள் வாசல் இஸ்தோப்பில் மல்லாந்து கிடந்து குறட்டை விடலாம். அவர்களுக்கு யாரும் ஒரு சொட்டுக்கூடக் கொண்டுவர மாட்டார்கள்.

என் அக்கா கொழுந்து பறிப்பவள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, விறகு பொறுக்கி, சோறாக்கிப் போட்டபின் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகத் தூங்குவாள். நான் படம் வரைகிறவள். அந்தத் தூக்கத்தைத்தான் வரைந்தேன்.

அவளைப் படுக்கச் சொல்லி வரைய முடியாது. நான் பார்ப்பது தெரிந்தால் அவள் விரல்கள் தூங்காது. அதனால் ஞாயிறுதோறும் சத்தம் போடாமல் மூலையில் உட்கார்ந்தேன். பாதியில் புரண்டு படுப்பாள், போச்சு, எல்லாம் நாசம்! மறுபடி அடுத்த ஞாயிறு. வெடித்த குதிகாலை எத்தனையோ தடவை சுரண்டி அழித்தேன். அழகாக வந்துவிட்டது, அதனால் அழித்தேன்.

ஒருவழியாக முடித்துக் காய்வதற்கு இஸ்தோப்பில் சாய்த்து வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எதிர் லயத்து மதினி படத்தைப் பார்த்துவிட்டுக் கொத்தமல்லித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஐயோ, அக்காவுக்கு என்னாச்சு? வாயெல்லாம் தொறந்து கெடக்கே!"

பீலிக்கரையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த அக்கா அப்போதுதான் படத்தை முதன்முதலாகப் பார்த்தாள்.

"அடிப்பாவி! ஊரு பாக்கவா என் வாயத் தொறந்து வச்சிருக்க? மானத்த வாங்கிட்டியேடி!"

"வேணாம்னா சொல்லு, இப்பவே கிழிச்சிர்றேன்" என்றேன். அவள் குடத்தோடு உள்ளே போய்விட்டாள். அவள் வேண்டாம் என்றால் படம் இல்லை.

அந்த வாரமே, அட்டன் டவுனில் நடக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்குப் படம் பொறுக்க ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தள்ளி நின்று பார்த்தார், கிட்டப்போய்ப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தங்கச்சி. அந்தக் கண்ண மட்டும் தொறந்து, பக்கத்துல ஒரு கொழுந்துக் கூடையும் வச்சிட்டீங்கன்னா எடுப்பா இருக்கும். நம்ம சனங்க உழைப்பக் காட்டணும்ல? இப்பிடிக் கெடந்தா சோம்பேறின்னு நெனப்பாங்க."

உழைப்பாம் உழைப்பு! தேயிலைப் பெட்டியில் கூடை, ஹோட்டல் சுவரில் கூடை, நாட்காட்டியில் கூடை. அதில் சிரிக்கிற பெண் எப்போது உட்கார்ந்தாள் என்று எவனாவது கேட்டானா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அகப்பையோடு அக்கா வந்து நின்றாள்.

"கூடையா? படுத்த எடத்துலயுமா? மலையில சொமக்குறது பத்தாதுன்னு படத்துலயும் சொமக்கணுமா, சேர்? இருக்கிறபடிக்கே மாட்டுறதுன்னா கொண்டு போங்க. இல்லாட்டி வச்சிட்டுப் போங்க."

கொண்டுபோனார். கண்காட்சி மண்டபத்தில் கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தார். மாட்டட்டும், எல்லாரும் அந்த வழியாகத்தானே போயாக வேண்டும்!

அக்கா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். படத்துக்கு முன்னால் நின்ற ஒரு டவுன் அம்மா எங்கள் பக்கம் திரும்பி, "பாவம், இந்தம்மாவுக்கு என்ன நோய்?" என்று கேட்டார்.

"இந்தம்மா நான்தாங்க" என்றாள் அக்கா. "எனக்கு ஒரு நோயும் இல்ல. தூங்குறேன்."