முதுகுப் பையில் அடுத்தவன் பூட்ஸ்

ஐம்பதுகளில் நான் காலாட்படைச் சிப்பாய். அதற்குமுன் கல்லாவியில், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் புளி மூட்டை சுமந்தவன். எந்தக் கனமும் என் முதுகுக்குப் பெரிதில்லை. யாரிடமும் மாட்டேன் என்று சொல்வதுதான் எனக்கு வராது.

என்னிடம் பிரென் கன் என்னும் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்திருந்தார்கள். சூளகிரிப் பக்கம் ஒரு கரட்டில் பயிற்சி. முழுச் சுமையோடு உச்சிக்கு ஏறி, படுத்து, எதிரே நட்ட பலகைகளைச் சுட வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் ஏறிவிட்டேன். ஆனால் ஒரு பலகையும் விழவில்லை. இரைத்த மூச்சில் தோள் ஏறி இறங்கியது, விரல்கள் நடுங்கின. நாளையும் இப்படியென்றால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சமையலுக்கு அனுப்பிவிடுவதாக எங்கள் அணித் தலைவர் நாயக் சொன்னார்.

தோட்டாக்களைச் சுமந்து வந்து எனக்கு மாட்டித் தரும் ஜோடிக்காரன் ஓசூர்க்காரன். என் தோளுயரம்தான் இருப்பான். அவன் பையில் வேண்டாத ஒரு நூல்கூட இருக்காது. அன்று மாலை என் பையைத் தூக்கிப் பார்த்தவன், அப்படியே கவிழ்த்துக் கொட்டினான். மூன்று போர்வை, இரண்டு ஜோடி பூட்ஸ், பித்தளைச் சொம்பு, ஒரு மூட்டை அவல்.

"இதுல உன்னுது எது மச்சான்?"

"ஒரு போர்வை."

"மிச்சமெல்லாம்?"

"வச்சுக்கடான்னு குடுத்தாங்க."

அவன் பூட்ஸைத் தூக்கிப் பிடித்தான். "இது யாருது? கால் இருக்கறவன் வந்து எடுத்துக்கலாம்."

"ஏன், உன் புருசனுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சா?" என்றான் பூட்ஸுக்காரன்.

"தூக்குவான். ஆனா சண்டையில நீ மேடு ஏறும்போது எதிரிய தலை தூக்க விடாம சுடறது இவன்தான். இவன் கை நடுங்கினா உன் பூட்ஸ் மட்டும்தான் ஊரு போய்ச் சேரும்."

ஒவ்வொருவராக வந்து அவரவர் பொருளை எடுத்துப் போனார்கள்.

மறுநாள் ஜோடிக்காரன் சொன்னபடி அவசரப்படாமல் ஏறினேன். படுத்தபோது மூச்சு சீராக இருந்தது. நான் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் அவன் கை தோட்டாக்களை மாற்றிக்கொண்டே இருந்தது. பலகைகள் வரிசையாகச் சாய்ந்தன. நாயக் துப்பாக்கியைக் கேட்கவில்லை.

இறங்கும்போது பூட்ஸுக்காரன் தன் போர்வையை என்னிடம் நீட்டினான்.

"மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லு மச்சான்," என்றான் ஜோடிக்காரன். "அவனுக்குக் காதுல விழல."

சொன்னேன்.