மருந்து படாத நான்கு வரிசை

அடி அண்ணாமலையில் என் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் பொதுவாக இருந்த நிலத்தில், அரை ஏக்கரில் அவள் மிளகாய் வைத்து வந்தாள். எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த எட்டாவது வருடம் பழ அழுகல் நோய் வந்தது. சிவந்த பழங்களில் கருப்பு வட்டம் விழுந்து, முக்கால்வாசி உதிர்ந்து போயிற்று. மறு வருடம் நாற்று நடும்போதே மச்சான் சொல்லிவிட்டார்.

“இந்த வாட்டியும் அழுகுச்சினா மெளகா பேச்சே எடுக்கக் கூடாது. மல்லாட்ட போட்டுறலாம்.”

வேர்க்கடலை அவருக்கு மல்லாட்டைதான். இரவு சாப்பாடு போடும்போது மனைவி என்னிடம், “நீங்க எதனா பண்ணுங்க” என்றாள்.

விவசாயிகள் கூட்டம் ஒன்றில் நான் குறித்து வைத்திருந்த முறை ஒன்று இருந்தது. ஐந்து கிலோ நொச்சித் தழை, அரை கிலோ பூண்டு, இரண்டையும் அரைத்து ஐம்பது லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் வேட்டித் துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். வேங்கிக்காலில் எனக்கு அலுவலகம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வந்தது. பூ விட்டதிலிருந்து ஒன்று விட்டு ஒரு ஞாயிறு, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தேன். மொத்தம் நாற்பது வரிசை. முப்பத்தாறுக்குத் தெளித்து, கிழக்கு ஓரம் நான்கை அப்படியே விட்டேன். வித்தியாசம் தெரிய வேண்டாமா? குச்சி நட்டு அடையாளமும் வைத்தேன்.

“அது நாலும் இன்னா பாவம் பண்ணுச்சி?” என்றாள் மனைவி.

“ஒப்பிட்டுப் பார்க்க வேணும்.”

“ஒப்பிடறதுக்குப் பெத்த புள்ளைங்கள்ல ஒண்ணப் பட்டினி போடுவீங்களா?”

ஒவ்வொரு முறையும் டிரம்மில் ஏழெட்டு லிட்டர் மருந்து மிஞ்சும். அடுத்த ஞாயிறு அளந்தால் இரண்டு லிட்டர்கூட இருக்காது. “டிரம்மில் கசிவு” என்று டைரியில் எழுதி, அடியில் தார் பூசினேன். அதற்குப் பிறகும் குறைந்தது. மறுபடி பூசினேன்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் பழம் எடுத்தோம். அழுகல் மிகக் குறைவு. ஆனால் தெளிக்காத நான்கு வரிசையும் மற்றவற்றைப் போலவே செழிப்பாக நின்றன. அழுகிய பழங்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். மச்சானிடம் உள்ளதைச் சொன்னேன்: மருந்தால் எந்தப் பயனும் இல்லை, இந்த வருடம் நோயே வரவில்லை.

“அப்ப இது அதிர்ஷ்டம் மாப்ள. அடுத்த வருஷம் வந்துடும். மல்லாட்டயே போட்டுறலாம்” என்றார் அவர்.

பழம் பறித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“அந்த நாலு வரிசைக்கு நான் அடிச்சேன்ணா. இவரு ஆபீஸ் போனப்புறம், மிச்சம் கெடந்தத எடுத்து. கண்ணெதிர்ல சாவ உட முடியுமா?”

நான் டிரம்மைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது.

“எல்லாத்துக்கும் அடிச்சிருந்தா, மருந்தாலதான் பொழச்சுதுன்னு எப்டி சொல்ற?”

“மூலையில வேலி ஓரமா எட்டுச் செடி. முள்ளு குத்துது, இவருக்கும் எட்டல, எனக்கும் எட்டல. போய்ப் பாரு.”

மூவரும் போனோம். எட்டுச் செடியிலும் உருப்படியாக ஒரு பழமில்லை. மச்சான் கொம்பால் முள்ளை விலக்கி ஒன்றைப் பறித்துப் பிட்டார். உள்ளே விதை கருத்திருந்தது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

“மெளகா நாத்துக்கு வெத எடுத்து வெச்சியா?” என்று தங்கையிடம் கேட்டார்.

“போன வாரமே எடுத்துட்டேன்” என்றாள்.