அவருக்குப் பின்னால் ஒரு சுற்று

அந்தத் தெருவில் லாரிக்காரர் வீட்டம்மா என்றால்தான் அவளைத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் ஸ்பேனர் எது, திருப்புளி எது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தவள். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு புருஷன் கையை மட்டும் வெளியே நீட்டுவார். இவள் கைக்குக் கிடைத்ததை எடுத்து வைப்பாள். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வரும். "அம்மா தாயே, நான் நட்டு கழட்டப் பார்க்கிறேன், நீ சுத்தியலைக் குடுக்கறியே." அப்படி ஆரம்பித்து, சில வருஷங்களில் அவர் கையை நீட்டுவதற்கு முன்பே எது வேண்டும் என்று தெரிந்து எடுத்து வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. அதை அவர் எந்தப் பட்டறையிலும் விடமாட்டார். ஒரு தடவை விட்டார். சர்வீஸ் முடிந்து வந்த வண்டி மேட்டில் ஏறாமல் முக்கியது. பிரித்துப் பார்த்தால், எஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்க்குள் கை துடைக்கும் துணி ஒன்று சுருண்டு கிடந்தது. "வயித்துக்குள்ள துணிய வச்சுத் தைச்சு அனுப்பிட்டான்யா!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். அன்றிலிருந்து ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, பிரேக் சரிபார்ப்பது, டயரைக் கழற்றி இடம் மாற்றிப் போடுவது என்று எல்லாம் வீட்டு வாசலில்தான். சாக்கை விரித்து மல்லாந்து படுத்துவிட்டால் அவருக்குப் பசி, தாகம் எதுவும் கிடையாது.

முட்டி தேய்ந்து, கிளட்சை மிதிக்க முடியாமல் போனபோது ஓட்டுவதை நிறுத்தினார். அவளுடைய தம்பி வண்டியை எடுத்தான். "ஓட்டறது உன் பாடு மாப்ளே, வண்டிய ஒழுங்கா வச்சுக்கறது என் பாடு" என்று சொல்லிவிட்டார். நிற்கவும் நடக்கவும்தான் கஷ்டம், படுத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு முட்டி எதற்கு என்று அதையும் ஒரு வேடிக்கையாக்கிக்கொண்டார்.

மறதி எப்போது வந்தது என்று அவளால் சொல்ல முடியாது. சாப்பிட்டுவிட்டு, இன்னும் சாப்பாடு போடலையா என்று கேட்பார். தெருமுனைக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவார். வயதானால் யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டாள். ஆனால் ஒருநாள் அவர் ஆயில் மாற்றி முடித்துக் குளிக்கப் போன பிறகு, வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ஆயில் தொட்டியின் அடி போல்ட்டைக் கையால் திருகியதோடு விட்டிருந்தார். ஸ்பேனர் பக்கத்திலேயே கிடந்தது. அடியில் நுழைந்து அவளே முடுக்கினாள். புதிய ஆயில் கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவர் வேலை முடித்துக் குளியலறைக் கதவைச் சாத்தியதும் இவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஒரு சுற்று வருவாள். சில நாள் எல்லாம் சரியாக இருக்கும், அப்போது கண்ணில் நீர் முட்டும். சில நாள் எஞ்சின் மேல் ஆயில் மூடி திறந்தபடியே இருக்கும். ஒருமுறை நகக்கண்ணில் இருந்த கறையை அவர் பார்த்துவிட்டார்.

"கையில என்ன?"

"பாத்திரத்துக் கரிங்க."

"என்னைப் பார்த்துப் பார்த்து உன் கையும் மெக்கானிக் கை ஆயிடுச்சு" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

தம்பி ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, மெயின் ரோட்டுல பட்டறை ஒண்ணு நல்லாப் பண்றாங்களாம். சர்வீசுக்கு அங்க விட்டுடலாமா? மாமாவுக்கும் வயசாகுதுல்ல."

"வண்டியில ஏதாவது குறையாடா?"

"குறைன்னு இல்லக்கா..."

"அப்புறம் என்ன? அவருக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்டா. அதையும் புடுங்கிட்டா மனுஷன் மூலையில உக்காந்துடுவாரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சரிக்கா என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அவர்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, டயர் மாற்றிப் போட வாசலுக்குப் போனார். ஜாக்கி ஏறும் சத்தம், சக்கரம் தரையில் உருளும் சத்தம் எல்லாம் கட்டிலில் படுத்தபடி கேட்டாள். பிறகு சத்தம் ஓய்ந்தது. அவர் வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாம் முடிஞ்சுது. நீ நல்லாத் தூங்கு."

எழுந்து போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தாள். காலை ஊன்றினாள். சுவர் சுழன்றது. எத்தனை வருஷமாக இதே வேலையைச் செய்கிற மனுஷன், இன்று ஒருநாள் சரியாகத்தான் செய்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி படுத்தாள். கண் அசந்தது. தம்பி வந்து வண்டியைக் கிளப்பும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

சரக்கோடு இறக்கத்தில் போகும்போது முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியிருக்கிறது. வண்டி சாலையோர மதகில் மோதி நின்றது. ஓட்டுநர் பக்கம்தான் நசுங்கியது. தம்பியின் உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் போய் நின்றபோது தம்பி கண்விழித்து முதலில் கேட்டது மாமாவைத்தான்.

"என்னைத் தூக்கினவங்ககிட்டயே, வண்டி கல்லுல ஏறி இறங்குச்சுன்னு மாமாகிட்ட சொல்லச் சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லுக்கா."

போர்வை பள்ளமாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழாதக்கா. நீ எப்பவும் ஒரு சுத்து பார்ப்பேன்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் ஓட்டிட்டு இருந்தேன்" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவள் வெளியே வந்து வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

லாரியை இழுத்துவந்து நிறுத்தியிருந்த இடத்துக்கு அவர் போகவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. இவளும் கூடவே போனாள். கழன்று ஓடிய சக்கரத்தைக் கொண்டுவந்து ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் அதன் முன்னால் முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து, போல்ட் நுழையும் ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஆடி ஆடித் தேய்ந்து நீளமாக இழுத்திருந்தது. அன்று அவருக்கு எதுவும் மறக்கவில்லை.

"நான் ஸ்பேனர் போடவே இல்ல" என்றார்.

"கல்லுல ஏறினதுல..."

"கல்லு ஓட்டைய இப்படித் தேய்க்காது. நட்ட சும்மா கையால சுத்தி விட்டிருக்கேன்." மறுபடி ஒரு ஓட்டையைத் தடவினார். "இதுக்கு முன்னயும் மறந்திருப்பேனே, அப்ப இத்தனை நாளா எப்படி ஓடுச்சு?"

அவர் திரும்பி அவள் கைகளைப் பார்த்தார்.

"நீயா?"

தலையை ஆட்டினாள்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மறுநாள் எந்திரிச்சு நீங்க என்னங்க செய்வீங்க?"

"சும்மா உக்காந்திருப்பேன்" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. "அவனுக்குக் கால் இருந்திருக்கும்."

கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வண்டியைச் சரிசெய்ய அவரே மெயின் ரோட்டுப் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். ஸ்பேனர், ஜாக்கி, கிரீஸ் கன் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, அதையும் அங்கேயே கொடுத்துவிடச் சொன்னார். வாசல் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். தம்பி ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அவன்தான் அவரைத் தேற்றினான். பிறகு அவன் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் போனில் பதில் சொல்லும் வேலைக்குப் போனான். கடைசிவரை யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

லாரிக்குச் சம்பளத்துக்கு ஓட்டுநர் வந்தார். சர்வீஸ் நாளில் அவளே பட்டறைக்குப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். பட்டறைக்காரர் நாற்காலி போட்டு, "ஏம்மா இவ்வளவு தூரம் அலையறீங்க? நாங்க பார்த்துக்க மாட்டோமா?" என்பார். நன்றாகவே பார்த்தார்கள். ஒருத்தர் முடுக்கினால் இன்னொருத்தர் வந்து சரிபார்த்தார். அவள் அதைப் பார்த்தபடியே இருப்பாள். இந்தப் படியை முன்னமே மிதித்திருக்கலாமே என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வரும். ஆனாலும் போவாள்.

வீட்டில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தார். முதலில் தெரு மறந்தது. பிறகு ஆட்கள் மறந்தார்கள். நடந்த விபத்தும் ஒருநாள் மறந்துபோயிற்று. தம்பி ஊன்றுகோலோடு வந்தபோது, "கால்ல என்ன ஆச்சுப்பா?" என்று அக்கறையாக விசாரித்தார். "சின்ன அடிதான் மாமா" என்றான் அவன். அவளுக்கு அது நிம்மதியா, தண்டனையா என்று புரியவில்லை. சுமப்பதற்கு இனி அவள் ஒருத்திதான்.

ஒரு மாலை, பட்டறையிலிருந்து வந்த லாரியை ஓட்டுநர் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அவள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வெளியே நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வண்டி இது?"

"நம்ம வண்டிதாங்க."

அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணை இடுக்கி, சக்கரம் சக்கரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சுத்தமா வச்சிருக்கான்" என்றார். "யாரோ பொறுப்பான ஆளு."

அவள் அவர் தோளில் நழுவியிருந்த துண்டைச் சரிசெய்தாள். பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.