ஏழு எழுத்துக்குள் ஏழு முகம்

எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் நோட்டீஸில் அம்மனைவிடக் கமிட்டிக்காரர்கள்தான் பெரிதாக இருப்பார்கள்.

போன வருடம் அந்த ஏழு முகங்களுக்கு நடுவில் தேதி யார் கண்ணிலும் படவில்லை. மொனராகலையில் இருந்து என் மாமா குடும்பம் தேர் ஓடி முடிந்த மறுநாள் வந்து இறங்கியது.

இந்த வருடம் நோட்டீஸ் வேலை என்னிடம் வந்தது. போனிலேயே ஒரு ஆன்லைன் டிசைன் தளத்தில் உட்கார்ந்தேன்.

செயலாளர் கூப்பிட்டு, "எங்க ஏழு பேர் போட்டோவும் கட்டாயம் வரணும் டீச்சர்" என்றார்.

அந்தத் தளத்தில் எழுத்துக்குள் படத்தை நிரப்பலாம். 'தேர்த் திருவிழா' என்று தடித்த எழுத்தில் அடித்தேன். எண்ணிப் பார்த்தால் சரியாக ஏழு எழுத்து. எழுத்துக்கு ஒருவராக உள்ளே உட்கார வைத்தேன். மீதி இடம் முழுக்க அம்மன். கீழே தேதி, ரோட்டில் நின்றே படிக்கிற அளவில்.

இன்று காலை கோயிலில் வைத்துக் காட்டினேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னைத் தேடினார்.

"என்னைய ஏன் டீச்சர் கடைசியில போட்டிருக்கீங்க?"

"இருக்கிறதிலேயே அகலமான எழுத்து 'ழா'தான் தலைவரே."

தலைவர் போனைக் கிட்டே கொண்டுவந்து 'ழா'வைப் பார்த்தார். பிறகு செயலாளரிடம் திரும்பி, "இதையே பதுளை பிரஸ்ஸுக்கு அனுப்பி அடிச்சிருங்க. ஒண்ணையும் மாத்த வேணாம்" என்றார்.

மத்தியானத்துக்குள் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் இருந்தும் கேட்டுவிட்டார்கள். இதே மாதிரி வேண்டுமாம். அவர்கள் கமிட்டியில் பதினெட்டுப் பேர்.

பதினெட்டு எழுத்தில் ஒரு விழாப் பெயர் தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள்.